அண்டி ஆபீஸ் கையை வரைவது எப்படி

"சமூகப் பிரச்சினையை வைத்து ஒரு சீரிஸ் பண்ணணும், எங்க ஆரம்பிக்கிறது?" கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் என்னிடம் வரையப் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. சாதி, பெண்ணுரிமை, சுற்றுச்சூழல் என்று தலைப்புகளை நோட்டில் எழுதியே கொண்டுவருவார்கள். நான் அந்த நோட்டை மூடச் சொல்வேன். தலைப்பிலிருந்து கிளம்பினால் உடைந்த சங்கிலியும் வெள்ளைப் புறாவும் வெடித்த நிலத்தில் ஒற்றை மரமும்தான் வரும். ஆண்டு விழாப் போட்டியில் பரிசு கிடைக்கலாம், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுங்கள். உடம்பின் ஒரு பாகமானாலும் சரி. தெருவில் இன்னும் பத்து வீட்டில் அது இருக்க வேண்டும். ஆனால் அதைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஏதாவது ஒன்றும் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் வேறொன்றைத் தேடுங்கள்.

எனக்கு அது அம்மாவின் கை. முந்திரி ஆலையில், எங்கள் பேச்சில் அண்டி ஆபீசில், கொட்டை உடைத்த கை. முந்திரித் தோட்டின் இரண்டு அடுக்குக்கு நடுவில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பல் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனி கறுக்கும், ரேகை தேயும். அம்மா வேலையை விட்ட பிறகும், ரேஷன் கடையில் கைரேகை மெஷின் அவர் விரலை ஏற்கவில்லை. மெஷின் 'மறுபடி வை, மறுபடி வை' என்று கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு என் சீரிஸ் கிடைத்தது.

முதலில் பென்சில் மட்டும். "கையை நீட்டுங்க" என்று உட்காரவைத்தால் யார் கையும் விறைத்துக்கொள்ளும். தேங்காய் துருவும்போது, கீரை ஆயும்போது, ஜெபமாலை உருட்டும்போது வரையுங்கள். கை அசைந்துகொண்டே இருக்கும், கோடு தப்பும், பரவாயில்லை. போனில் எடுத்துவைத்து வரைவது எனக்குப் பிடிக்காது. கறுத்த விரலை போன் ஒரே கறுப்பாகத்தான் காட்டும். நேரில் பார்த்தால் நகக்கண்ணில் பழுப்பு, மூட்டில் சாம்பல் நிறம், உள்ளங்கையில் மஞ்சள் என்று பிரிந்து தெரியும்.

அடுத்த வீட்டுக்காரர்களிடம் போகும்போது கேட்டுவிட்டு வரையுங்கள். நான் போனபோது ஒரு அக்கா, "மூஞ்சிய விட்டுட்டு கைய எதுக்கு பிள்ளே வரையுத?" என்றார். முகத்தை வரைந்து அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கைக்கு வந்தேன். நியாயமான பேரம். அந்த முகம் இப்போது அவர் வீட்டு டிவிக்கு மேலே இருக்கிறது.

பெரிய படத்தில் முகம் வேண்டாம் என்பது என் கட்சி. சோகமான முகத்தைப் பார்த்தால் பார்ப்பவர் உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். கையை மட்டும் நிஜ அளவில் வரைந்தால் அவர் தன் கையை ஒரு தடவையாவது பார்ப்பார். பெருவிரலை மட்டும் முழுத்தாளுக்குப் பெரிதாக்கியும் செய்யலாம். ஸ்டாம்ப் பேடில் விரலை ஒற்றி ஒரு வெற்றுத்தாளில் பதியுங்கள். ரேகை எங்கே அறுந்து போகிறதென்று அதில் தெரியும். அறுந்த இடம் படத்தில் வெள்ளையாக நிற்க வேண்டும். நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பிறகு சேர்க்க முடியாது, தாளைத்தான் மிச்சம் வைக்க வேண்டும். அதற்கென்று விற்கும் திரவம் விலை அதிகம். வெள்ளை மெழுகுவர்த்தியைக் கூராகச் சீவி அந்த இடத்தில் அழுத்தித் தேயுங்கள். மேலே வண்ணம் பூசினால் மெழுகு உள்ள இடத்தில் ஒட்டாது.

பழுப்புக்கு நம் செம்மண் போதும். காயவைத்து இடித்து, துணியில் சலித்து, தண்ணீரில் கலக்குங்கள். மணல் உடனே அடியில் தங்கிவிடும். மேலே கலங்கி நிற்கும் தண்ணீரை வேறு பாத்திரத்தில் சாய்த்து, தெளியவிட்டால் அடியில் படிவதுதான் நிறம். அதை உலர்த்தி, கருவேலம் பிசின் கரைசலோடும் சொட்டுத் தேனோடும் கண்ணாடித் தட்டில் அரைக்க வேண்டும். கறுப்புக்கு விளக்குக் கரி. மலிவான சரக்கென்று கூச்சப்பட வேண்டாம். 1943 வங்கப் பஞ்சத்தை ஓவியர் ஜைனுல் ஆபிதீன் கறுப்பு மையில், பொட்டலம் கட்டும் சாதாத் தாளில்தான் வரைந்தார்.

இரண்டு பொருளை மட்டும் தொடாதீர்கள். ஒன்று, முந்திரித் தோட்டு எண்ணெய். 'அசல் கறை' என்று ஆசை வரும், கை கொப்பளிக்கும். இன்னொன்று, மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணல். அதில் இல்மனைட் என்ற தாதுவோடு மோனசைட்டும் இருக்கிறது, மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. அந்த மணலை வரையுங்கள், பசைபோட்டு ஒட்ட வேண்டாம்.

நீங்கள் பார்க்காத பழங்கதையை எடுத்தாலும் வழி இதேதான். நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தை வரைய வருகிற பலர் முதலில் வரைவது மேலாடை இல்லாத பெண்களை. எனக்கு அது அந்த அவமானத்தை இன்னொரு தடவை செய்வது போலிருக்கிறது. துணியிலிருந்து தொடங்குங்கள். 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று நிபந்தனை வைத்தது. மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணி போர்த்தலாம் என்றது. ஆகவே அந்த முரடுதான் படம். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு பூச்சு, வெள்ளை பிரைமர் மெல்லிதாக ஒரு பூச்சு. அதற்கு மேல் பூசினால் இழை மறைந்துவிடும். மைதாப் பசை வேண்டாம், பூச்சி வரும்.

சொந்தத் துக்கம் மட்டும் தனி. 2017 ஒக்கி புயலில் அப்பாவை இழந்த ஒரு பையன், தூத்தூர் பக்கம், அலையாக வரைந்து தள்ளினான். எல்லாம் சினிமா அலை. வீட்டில் அப்பா தொட்ட பொருள் என்ன என்று கேட்டேன். பதில் சொல்லாமல் போய்விட்டான். நானும் திரும்பக் கேட்கவில்லை. ஜெர்மனியின் ஓவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்ஸ் 1914இல் மகனைப் போரில் இழந்தார். மண்டியிட்டிருக்கும் தாய் தந்தை சிற்பங்களை அவர் முடித்தபோது 1932 ஆகிவிட்டது. அந்த உருவங்கள் அவரும் அவர் கணவரும்தான். பையன் இப்போது மீன்கூடைகளை வரைகிறான், நன்றாகவே வரைகிறான்.

படத்தைக் காப்பாற்றுவது இந்த மாவட்டத்தில் தனி வேலை. ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. பூஞ்சை ஒரு சீசனில் தாளைப் புள்ளிபுள்ளியாக்கிவிடும். ஃபிரேம் போடும்போது கண்ணாடியும் தாளும் தொடாதபடி நடுவில் ஜன்னல்போல் வெட்டிய தடித்த அட்டை, மவுண்ட் போர்டு, வையுங்கள். ஃபிரேமின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவரின் ஈரம் ஏறாது.

முதல் கண்காட்சியை ஊர் நூலகத்திலோ கோயில், சர்ச் ஹாலிலோ வையுங்கள். வரையப்பட்டவர்கள் பஸ் ஏறாமல் வந்து பார்க்க வேண்டும். 'உழைப்பின் வலி' என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். என் படத்தின் பெயர் 'வலது பெருவிரல், ரேஷன் கடை'. கைக்குரியவர் பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். விலையையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. விற்றதில் மூன்றில் ஒரு பங்கு கைக்காரருக்கு என்பது என் கணக்கு. அம்மாவுக்கும் அதே கணக்குதான், அவர் மட்டும் அட்வான்ஸ் கேட்கிறார்.