கேமரா லென்ஸில் பங்கஸ் பிடிக்காமல் இருக்க ஒரு டப்பா போதும்

கேமராவுக்கு இரண்டாவது லென்ஸ் வந்ததும் பலரும் அடுத்து நல்ல பை ஒன்றைத் தேடுகிறார்கள். கடலோர ஊரில் இருப்பவர்கள் அதற்கு முன் வாங்க வேண்டியது காற்றுப் புகாத டப்பா. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள்ளேயே ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும். 65-க்கு மேல் பல நாள் நீடித்தாலே பங்கஸ் (பூஞ்சை) வளர வழி கிடைத்துவிடும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடி மேலுள்ள மெல்லிய கோட்டிங்கை (பூச்சை) அரித்துவிட்டால், எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது.

மூடியில் ரப்பர் வளையமும் நாலு பக்கமும் பூட்டும் உள்ள 10–15 லிட்டர் சமையலறை டப்பா, ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகள் 200 கிராம். இவ்வளவுதான் தேவை. ஜெல்லில் ஆரஞ்சு வகையைக் கேட்டு வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீல ஜெல்லில் உள்ள கோபால்ட் குளோரைடு நஞ்சு.

டப்பாவின் விளிம்பில் ஒரு தாள் கீற்றை வைத்து மூடிப் பூட்டி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் எந்த இடத்திலாவது லேசாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே காற்று போகிறது.

மலிவான ஹைக்ரோமீட்டரை அப்படியே நம்பக் கூடாது. ஒரு பாட்டில் மூடி நிறைய தூள் உப்பெடுத்து, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் ஜிப் கவரில் போட்டு இரவு முழுக்க மூடி வைத்தால், காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துப் படியுங்கள்.

இனி ஜெல். முதலில் 50 கிராமைத் துணிப்பையில் கட்டிப் போட்டு ஒரு நாள் விடுங்கள். டப்பாவுக்குள் வைத்த மீட்டரில் எண் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஏறினால் இன்னும் 25 கிராம் சேர்க்கலாம். 30-க்குக் கீழே போனால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். மொத்தத்தையும் கொட்டினால் 20-க்கும் கீழே இறங்கிவிடும். அவ்வளவு வறட்சி ரப்பருக்கும் நல்லதல்ல.

இரண்டே நாளில் ஜெல் பச்சையாகிறது என்றால் காரணம் பெரும்பாலும் டப்பாவுக்குள் இருக்கும் காற்று அல்ல. 30 டிகிரியில், 80 சதவீத ஈரத்தில், 15 லிட்டர் காற்றில் இருக்கும் நீர் அரை கிராம்கூடத் தேறாது. நீரைத் தேக்கி வைப்பவை பையின் ஸ்பாஞ்சு, துணி ஸ்ட்ராப், தோல் உறை. ஆகவே டப்பாவுக்குள் கேமரா பாடியும் லென்ஸும் மட்டும் போகட்டும். நாப்தலீன் உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும். அரிசி ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது, தூசியை மட்டும் கொடுக்கும்.

பச்சையான ஜெல்லை 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். உணவு வைக்காத தட்டில், மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். நன்றாக ஆறிய பிறகே டப்பாவுக்குள் போட வேண்டும்.

மாதம் ஒருமுறை டார்ச் சோதனை. லென்ஸின் முன், பின் மூடி இரண்டையும் கழற்றி, ஒளி நுழையும் துளையான அபர்ச்சரை முழுக்கத் திறந்து (பழைய நிக்கான் லென்ஸில் பின்புற நெம்புகோலைத் தள்ளிப் பிடிக்க வேண்டும்), பின்னாலிருந்து மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்னால் பாருங்கள். தனித்தனிப் புள்ளி தூசி. அதைப் பொருட்படுத்த வேண்டாம். கண்ணாடி முழுக்கப் புகை படிந்ததுபோல் இருந்தால் ஹேஸ். சிலந்தி வலை மாதிரிக் கிளை பிரிந்தால்தான் பங்கஸ்.

பக்கத்து லென்ஸுக்கும் தொற்றிவிடுமோ என்று பலர் பதறுகிறார்கள். அதன் வித்து எல்லாக் காற்றிலும் உண்டு. முளைக்க வைப்பது ஈரம்தான். வெயிலில் காயவைத்தால் சரியாகும் என்பார்கள். வளர்ந்த இழை அதனால் மறையாது. சூட்டில் லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸ் உருகி அபர்ச்சர் இதழ்களில் இறங்கும். மூடியில்லாத லென்ஸ் வெயிலைக் குவித்துத் துணியையே பற்ற வைக்கும். ஓரத்தில் ஓரிரு இழை தெரியும்போதே சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள்; கோட்டிங் அரிபடாமல் இருந்தால் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட முடியும்.