நுரையை நம்பாதீர்கள்: இறால் குடலும் புரோபயாடிக் தவறுகளும்

சென்ற மாதம் திருப்பாலைக்குடிக்குத் தெற்கே புதிதாகத் தொடங்கப்பட்ட ஒரு வனாமி இறால் பண்ணைக்குப் போயிருந்தேன். குஞ்சு விட்டு 40 நாட்கள் ஆகியிருந்தன. பண்ணையை நடத்தும் தம்பி குளத்தைக் காட்டுவதற்கு முன்பே மோட்டார் அறைக்குப் பின்னால் புரோபயாடிக் கரைசல் (இறாலின் குடலுக்கு நல்லது என்று குளத்தில் ஊற்றும் பாக்டீரியாக் கரைசல்) ஊறிக்கொண்டிருந்த நீல ட்ரம்மிடம் என்னை அழைத்துப் போய் மூடியைத் திறந்தார். “நுரை எப்படிப் பொங்கியிருக்கு பாருங்கண்ணே” என்றார். ட்ரம்மின் விளிம்பில் பழைய கரைசலின் பழுப்புக் கறை விரல் தடிமனுக்குப் படிந்திருந்தது. முதல் அறுவடைக் காலத்தில் இதே பெருமையோடு இதே போன்ற ஒரு ட்ரம்மை நானும் வருவோருக்கெல்லாம் திறந்து காட்டியவன் என்பதால், அந்த நுரையைப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை.

காலாவதியான பாக்கெட், வெயிலில் கிடந்த மூட்டை போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை லேபிளைப் படித்தே தவிர்த்துவிடலாம்.

உறை மோர்க் கணக்கு

கரைசல் பெருக்கும் வழக்கம் ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏக்கர் குளத்தில் 1.2 மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு கிராமுக்கு 100 கோடி உயிரணுக்கள் உள்ள பேசில்லஸ் (புரோபயாடிக்கில் வரும் ஒரு நல்ல பாக்டீரியா) பொடியில் ஒரு கிலோவை அப்படியே தூவினால், ஒரு மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 200 உயிரணுக்கள்தான் கிடைக்கும். தீவனம் விழும் குளத்திலோ ஒவ்வொரு மில்லி லிட்டரிலும் வேறு பாக்டீரியாக்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஆகவே பொடியைச் சர்க்கரைச் சத்தோடு ஊறவைத்துப் பெருக்கி ஊற்றுவது அறிவுள்ள காரியமே. அதை எந்தத் தண்ணீரில் செய்கிறோம் என்பதில்தான் நான் கோட்டை விட்டேன்.

என் ட்ரம் 200 லிட்டர் கொண்டது. குளத்துத் தண்ணீரையே மொண்டு நிரப்பி, சாயல்குடிப் பக்கம் வாங்கிய கருப்பட்டியைத் தட்டிக் கரைத்து, பொடியைப் போட்டு இரவு முழுவதும் மூடிவைப்பேன். மறுநாள் ஊற்றும்போது அடியில் பத்து லிட்டர் மிச்சம் வைத்து, அதன் மேலேயே அடுத்த கரைசலைத் தயாரிப்பேன். வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது மிகவும் இயல்பாகத் தோன்றியது. ஆனால் என் அம்மா பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, அதன் பிறகுதான் உறை ஊற்றுவார். நான் காய்ச்சாத பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

குளத்துத் தண்ணீரில் விப்ரியோ என்ற, இறாலுக்கு நோய் தரக்கூடிய பாக்டீரியா எப்போதும் இருக்கிறது. சாதகமான சூட்டில் அது அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். பாக்கெட்டில் இருக்கும் பேசில்லஸோ வித்து வடிவில் உறங்குவது. அது விழித்து முளைத்த பிறகுதான் பெருகத் தொடங்கும். இனிப்பையும் நமது கடற்கரையின் வெதுவெதுப்பையும் கொடுத்து இரண்டையும் ஒரே ட்ரம்மில் விட்டால், ஓட்டத்தில் முந்துவது எது என்று சொல்லத் தேவையில்லை. காற்றும் விடாமல் மூடிவைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் பேசில்லஸ் செழிக்கக் காற்று வேண்டும், விப்ரியோவுக்கு அது இல்லாமலும் ஓடும். நுரையையும் புளிப்பு வாடையையும் இரண்டுமே தரும் என்பதால் கண்ணும் மூக்கும் இங்கே சாட்சிக்கு உதவா.

அந்தக் காலத்தில் என்னிடம் மூன்று குளங்கள் இருந்தன. இரண்டில் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை மாலையில் கரைசல் ஊற்றினேன். மூன்றாவது குளத்துக்கு இன்னொரு ட்ரம் வாங்கப் பணம் இல்லாததால் ஊற்றவில்லை. 50ஆம் நாளைத் தாண்டியதும் அந்த இரண்டு குளங்களிலும், இறால் தின்றதா என்று பார்க்க நீரில் இறக்கிவைக்கும் செக் ட்ரேயில் தீவனம் மீந்தது. ஓர் இறாலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். முதுகில் கருங்கோடாக நிறைந்து ஓட வேண்டிய குடல், இங்கொன்றும் அங்கொன்றுமாக அறுந்து, நடுவில் வெளிறிக் கிடந்தது. கரைசலையும் குளத்து நீரையும் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். மறுநாள், விப்ரியோவை வளர்த்துக் காட்டும் டிசிபிஎஸ் தட்டைக் காட்டினார்கள். பேசில்லஸ் கரைசல் சுத்தமாக இருந்தால் அந்தத் தட்டு ஏறக்குறைய வெறுமையாக இருக்க வேண்டும். என்னுடைய தட்டில் ஊசி குத்த இடமில்லாமல் மஞ்சளும் பச்சையுமாகப் படர்ந்திருந்தது. 62ஆம் நாள் இரண்டு குளங்களையும் 100 கவுண்டில் (கிலோவுக்கு 100 இறால்) பிடித்து, வந்த விலைக்குத் தள்ளினேன். ட்ரம்தான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் ட்ரம் வாங்க வக்கில்லாத மூன்றாவது குளம்தான் அந்த ஆண்டு வட்டியைக் கட்டியது.

உள்ளே நடப்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இறாலின் முன்குடலுக்கும் பின்குடலுக்கும் ஓட்டில் உள்ள அதே கைட்டின் பொருளாலான உறை உண்டு. ஓடு கழற்றும்போது அதுவும் கழன்று புதிதாகும். நடுக்குடலுக்கு அந்தக் கவசம் கிடையாது, உணவைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. அங்கே விப்ரியோ மிகுந்து சுவரைப் புண்ணாக்கினால், இறாலின் இரத்த அணுக்கள் அந்த இடத்தில் திரண்டு போராடுகின்றன. இறாலுக்குக் குடல் அழற்சி என்பது இதுதான். சில நீலப்பச்சைப் பாசிகளின் நச்சாலும் இது வரும் என்பது 1970களிலேயே கண்டறியப்பட்டது. நல்ல பேசில்லஸ் போதிய அளவில் குடலில் இருந்தால் விப்ரியோவின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரைக் காக்க உதவுகிறது. புண் ஆறுவதற்கென்று ஊற்றியதே புண்ணாக்கும் கிருமியாக இருந்தது என்ற எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆகவே ஊறவைக்கும் தண்ணீரைக் காய்ச்சி ஆறவையுங்கள், அல்லது பிளீச்சிங் போட்டு, குளோரின் முழுவதும் போனதைச் சொட்டு மருந்துச் சோதனையில் மஞ்சள் நிறம் வராததைக் கொண்டு உறுதிசெய்த பிறகு பயன்படுத்துங்கள். ட்ரம்மை ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். பேசில்லஸ் என்றால் காற்றைக் குமிழியாக விடும் காற்றுக்கல் ஓடட்டும். மிச்சக் கரைசலில் மறுபடி உறை ஊற்றாதீர்கள். மாதம் ஒருமுறையாவது கரைசலைத் தட்டில் போட்டுப் பாருங்கள். “பச்சை இல்லை, மஞ்சள்தான்” என்று ஆறுதல் அடைபவர்களையும் பார்க்கிறேன். மஞ்சள் என்றால் அந்த விப்ரியோ கருப்பட்டியில் உள்ள சர்க்கரையைத் தின்னத் தெரிந்தது என்று மட்டுமே பொருள். இறாலைக் கொல்லும் வகைகள் அதிலும் உண்டு. இனி, நான் பார்க்கும் மற்ற தவறுகள்.

மாலையில் ஊற்றுவது

கருப்பட்டித் தண்ணீரும் பாக்டீரியாவும் ஆக்சிஜனைத் தின்னும். காலையில் வெயில் ஏறிய பிறகு, ஏரேட்டர் ஓடும்போது ஊற்றுங்கள்.

தீவனத்தில் கலந்து வெயிலில் உலர்த்துவது

பேசில்லஸ் வித்து வெயிலைத் தாங்கும். வித்து வடிவம் இல்லாத லாக்டோபேசில்லஸ் என்ற இன்னொரு நல்ல பாக்டீரியா தாங்காது. கலந்த தீவனத்தைத் தார்ப்பாயில் நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டால் போதும்.

அம்மோனியாவுக்குப் பேசில்லஸ்

கழிவிலிருந்தும் மீந்த தீவனத்திலிருந்தும் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுபவை நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் போன்ற வேறு பாக்டீரியாக்கள். பேசில்லஸ் அடிக்கசடைச் சிதைக்கும். சிதைக்கும்போது அம்மோனியா சற்றுக் கூடவும் செய்யலாம். தீவனத்தைக் குறைக்காமல் பாக்கெட்டைக் கூட்டுவதில் பயனில்லை.

ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுப்பது

ஒன்று மற்றொன்றைக் கொல்லும். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள் தடை செய்யப்பட்டவை என்பதால் ஏற்றுமதிச் சரக்கும் திரும்பி வரும்.

வெண்கழிச்சலுக்கு மேலும் ஒரு கிலோ

குளத்தில் காற்று தள்ளிச் சேர்க்கும் மூலையில் வெள்ளை நூல்களாகக் கழிவு மிதந்தால், கடைக்காரர் குடல் புரோபயாடிக்கை இரட்டிப்பாக்கச் சொல்வார். முதலில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சோதனை) பாருங்கள். பல குளங்களில் அதன் பின்னால் இருப்பது ஈஎச்பி. அது இறாலின் செரிமானச் சுரப்பியின் செல்லுக்குள்ளேயே வாழும் நுண்ணுயிரி. குடலில் நிற்கும் எந்த நல்ல பாக்டீரியாவும் அதை அங்கே போய்த் தொட முடியாது. விப்ரியோவும் சேர்ந்திருந்தால் அந்தப் பங்கு மட்டும் புரோபயாடிக்கால் குறையலாம், இறால் சற்றுத் தேறலாம், ஆனால் ஈஎச்பி வித்துகள் கழிவோடு விழுந்து அடி மண்ணிலேயே கிடக்கும். அறுவடைக்குப் பின் குளத்தை உலர்த்தி, ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பைப் போட்டு உழுது, ஈரப்படுத்தி, மண்ணின் பிஎச் 12 வரை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சுட்ட சுண்ணாம்புக்குப் பதிலாக விலை மலிவு என்று கல் மாவு (சுடாத சுண்ணாம்புக்கல் பொடி) வாங்கிக் கொட்டினால் பிஎச் அந்த அளவுக்கு ஏறாது. திருப்பாலைக்குடித் தம்பியின் கரையில் அடுக்கியிருந்த மூட்டைகளில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். கல் மாவுதான் இருந்தது.