வாடை வருமுன் கொல்லையை ஒழுங்கு செய்வது

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்தில் ஆவணி மாதக் கடைசி என்றால் மணல் கொதிக்கும். மழையின் வாசனைகூட இருக்காது. அந்த நேரத்தில் நான் மண்வெட்டியோடு கொல்லையில் நிற்பதைப் பார்த்து, "மழைக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கே மதினி, இப்பவே ஏன்?" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒவ்வொரு வருஷமும் கேட்கிறாள். என் பதிலும் மாறுவதில்லை. முதல் மழை விழுந்துவிட்டால் தென்னை ஏற ஆள் கிடைக்காது, ஈர மட்டையில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். காய்ந்த மணலில் அரை நாளில் முடிகிற வேலை ஈரத்தில் இரண்டு நாள் இழுக்கும்.

நம் பக்கத்துக்குக் குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் நமக்குக் கடுமையான காலம். தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று ஓய்ந்து கடல் சில நாள் குளம் மாதிரி கிடக்கும். அப்புறம் வாடைக் காற்று கிளம்பி வடகடல் இரைய ஆரம்பிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நாட்கள்தான் நம் கணக்கு. விநாயகர் சதுர்த்தி கழிந்ததும் தொடங்கினால் புரட்டாசி பாதிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"கார்த்திகைக்குப் பின் மழையில்லை" என்ற பழமொழியை நம்பி மார்கழியில் கயிறுகளை அவிழ்த்துவிடாதீர்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்தது. அப்போது மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தப் புயலைக் கண்ணால் பார்த்த என் மாமியார், தைப்பொங்கல் வரைக்கும் முற்றத்துக் கயிறு எதையும் அவிழ்க்க விடமாட்டார். நானும் அப்படியே செய்கிறேன்.

முதல் வேலை தண்ணீருக்கு வழி. மற்ற எல்லாவற்றையும் இதற்குப் பின்னால் வையுங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எங்கள் ஊரும் தப்பவில்லை. என் வீட்டுக் கூரை சுமார் 500 சதுர அடி. 1 செ.மீ. மழை பெய்தாலே அதிலிருந்து 460 லிட்டர் தண்ணீர் வழியும். 40 செ.மீ. என்றால் 18,000 லிட்டருக்கு மேல். கூரையிலிருந்து மட்டுமே இவ்வளவு, முற்றத்தில் நேராக விழுவது தனி. அந்த வருஷம் நான் தேங்காய் மட்டைகளைக் கொல்லையின் வடமேற்கு மூலையில் குவித்து வைத்திருந்தேன். தண்ணீர் வெளியே போகிற இடமும் அதுதான். மட்டைகள் மிதந்துபோய் வாயை அடைத்துக்கொண்டன. முழங்கால் அளவுத் தண்ணீர் மூன்று நாள் நின்றது. இரண்டு பாத்தி மல்லிகை நாற்று வேரழுகிப் போயிற்று. கையால் பிடுங்கியபோது வேர் இல்லாமல் குச்சி மட்டும் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். காய்ந்த நாளில் முற்றத்தின் நடுவில் நாலைந்து குடம் தண்ணீரை ஒரே இடத்தில் வேகமாக ஊற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று நின்று கவனியுங்கள். நம் கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற தரையின் உண்மையான சாய்வைத் தண்ணீர் காட்டிவிடும். வைகாசியிலிருந்து ஆடி முடிய அடித்த கச்சான், வேலி ஓரமெல்லாம் மணலைக் குவித்திருக்கும். போன வருஷம் இருந்த சாய்வு இந்த வருஷம் இருக்காது. அந்த மணலை அள்ளித் தென்னைத் தூரைச் சுற்றி அணையுங்கள். பிறகு வீட்டுச் சுவரிலிருந்து தெருப்பக்கம் வரை ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் இழுங்கள். வாய்க்கால் வெளியேறும் இடத்தில் பழைய வலைத்துண்டு ஒன்றை இரண்டு குச்சியில் கட்டி வைத்தால் சருகு அங்கே நின்றுவிடும், தண்ணீர் போய்விடும். மழை நாளில் அந்த வலையை மட்டும் உதறினால் போதும்.

உறிஞ்சுகுழி இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று சிலர் இருப்பார்கள். மணல் பூமியில் ஐப்பசி வரைக்கும் அது நன்றாக உறிஞ்சும். கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலே ஏறிவந்துவிடும், அப்புறம் குழி எங்கே உறிஞ்சும்? குழி இருந்தாலும் வாய்க்கால் வேண்டும். என் பிறந்த வீடு ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். அங்கே களிமண், நாலு தூறல் விழுந்தாலே தண்ணீர் நிற்கும். அந்தப் பக்கத்து ஆட்கள் செடிகளைத் தரைக்கு மேல் ஒரு அடி உயர மேட்டுப்பாத்தியில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து தென்னை. என் கொல்லையில் ஆறு மரம். மரம் ஏறும் அண்ணனிடம் ஆவணியிலேயே சொல்லி வைத்துவிடுவேன். அவரிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: காய்ந்த மட்டை, காய்ந்த பாளை, பன்னாடை எல்லாம் இறங்க வேண்டும், முற்றிய குலை ஒன்றுகூட மேலே இருக்கக் கூடாது, பச்சை மட்டையில் அரிவாள் படக் கூடாது. கொண்டையை மொட்டையடித்தால் காற்றுக்குத் தப்பும் என்று நினைத்துப் பச்சை மட்டைகளை வெட்டித் தள்ளுகிறார்கள். அந்தப் பச்சைக் காயத்து வாசனைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வரும். புயலுக்குத் தப்பிய மரம் வண்டுக்குச் சாகும். கூரைமேல் உரசுகிறது என்று வெட்டியே தீர வேண்டுமானால், தண்டிலிருந்து நாலு அடி மட்டையை விட்டுவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

அவர் மேலே இருக்கும்போதே இன்னொரு வேலையையும் முடித்துக்கொள்ளலாம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம், உச்சியில் குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் போடச் சொல்லுங்கள். காண்டாமிருக வண்டு அண்டாது. அந்த வண்டு முட்டையிடுவது எருக்குழியில். மழைக்கு முன் எருவைக் கிளறி, உள்ளே இருக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள். மின்கம்பியை ஒட்டிய மரத்தில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். மின்வாரியத்தில் சொல்லி, கம்பியில் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் ஆளை ஏற்ற வேண்டும்.

முருங்கைக்கு யோசிக்கவே வேண்டாம். வாடையில் முதலில் முறிவது அதுதான். தரையிலிருந்து மூன்று அடி விட்டு வெட்டிவிடுங்கள், மழையில் தழைத்து வரும். வெட்டிய வாயில் சாணி அப்பினால் தண்ணீர் இறங்காது. மழை தொடங்கியதும் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பிக்கொள்ளும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தார் போட்ட வாழைக்குச் சவுக்குக் கவை இரண்டு, தார் சாயும் பக்கமாக. பப்பாளியில் பெருத்த காய்களைப் பறித்துப் பாரத்தைக் குறைத்தால் போதும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட வேம்பு, பூவரசு, கொய்யா இருந்தால் முட்டுக் கட்டுங்கள். இதில் ஒரு தப்பு நடக்கிறது. வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும் என்று அந்தப் பக்கம் மட்டும் முளை அடித்துக் கட்டுகிறார்கள். புயல் கடந்து போகும்போது காற்று திரும்பும், எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். மூன்று பக்கமும் முளை வேண்டும். கயிறு மரத்தை அறுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன்மேல் கட்டுங்கள். இறுக்கி முறுக்க வேண்டாம். மரம் கொஞ்சம் ஆடினால்தான் வேர் பலம் பிடிக்கும்.

மல்லிகை எங்கள் ஊரின் உயிர். தங்கச்சிமடத்து நாற்று எந்தெந்த ஊருக்கோ போய்ப் பூக்கிறது. இதற்கு வேலை இரண்டு தவணை. புரட்டாசியில் பாத்திகளின் இடைவெளியை ஆழப்படுத்தி, பாத்தியை முக்கால் அடி உயர்த்திவிட வேண்டும். மல்லிகை வேர் ஈரத்தைத் தாங்கும், தேக்கத்தைத் தாங்காது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் வேரில் தண்ணீர் நிற்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். உரத்தைப் போடாமல் முதலில் வாய்க்காலைப் பாருங்கள். பெரிய செடிகளைக் கவாத்து செய்வது இரண்டாம் தவணை, நவம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடலாம். அவசரப்பட்டுப் புரட்டாசியிலேயே வெட்டினால் இளந்துளிர் அடைமழையில் மாட்டிக்கொள்ளும்.

கிணற்றுக்கு வருவோம். தீவில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிற ஒரு படலம். முற்றத்து அழுக்குத் தண்ணீர் உள்ளே விழாமல் கைப்பிடிச் சுவரின் அடியில் உள்ள விரிசலைச் சிமெண்ட் பூசி அடையுங்கள். வாய்க்கு வலை போட்டுக் கட்டுங்கள். அப்படியும் வெள்ளம் புகுந்துவிட்டால் 1,000 லிட்டருக்குக் குறைந்தது 2.5 கிராம் என்ற கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வாளியில் ஊற்றி, கயிறு கட்டி அடிவரை இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது விட்ட பிறகு இறையுங்கள். ஐந்து அடி அகலக் கிணற்றில் நாலு அடி தண்ணீர் இருந்தால் அது சுமார் 2,200 லிட்டர், குறைந்தது ஐந்தரை கிராம் வேண்டும்.

சிரட்டை, டயர், உடைந்த பிளாஸ்டிக் குடம் எதையும் கொல்லையில் வானம் பார்க்க விடாதீர்கள். டெங்குக் கொசு வளர ஒரு வாரம், பத்து நாள் தேங்கிய தண்ணீர் போதும். விறகைக் கல்மேல் அடுக்கித் தார்ப்பாய் மூடுங்கள். கோழிக்கூட்டையும் இரண்டு கல் உயர்த்தி வையுங்கள். ஓலைக் கொட்டகைமேல் பழைய வலையை விரித்து, நான்கு மூலையிலும் முளையில் இழுத்துக் கட்டிவிடுங்கள். கல்லைத் தூக்கிக் கூரையில் வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், காற்றில் அது உருண்டு யார் தலையிலாவது விழும்.

இவ்வளவும் புரட்டாசியில் முடிந்திருந்தால், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வரும் நாளில் பதற்றம் இருக்காது. பூந்தொட்டிகளைச் சுவரோரம் இறக்குவது, குடங்களில் நல்ல தண்ணீர் பிடிப்பது, வாய்க்கால் வலையை உதறுவது, அரிவாளும் டார்ச்சும் வீட்டுக்குள் வைப்பது. ஒரு மணி நேர வேலை.

காற்று ஓய்ந்த மறுநாள் ஒன்றை மறக்காதீர்கள். மழை குறைவாகவும் காற்று பலமாகவும் அடித்த இரவு என்றால் இலையெல்லாம் உப்பு படிந்திருக்கும், நாக்கில் தொட்டாலே தெரியும். வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். ஓரம் கருகிய செடியை உடனே பிடுங்க வேண்டாம். ஒரு மாதம் பொறுங்கள், கீழ்க்கணுவிலிருந்து துளிர் வரும். போன தடவை செத்தது என்று நான் நினைத்த செம்பருத்தி, பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் துளிர்விட்டது.