சேலத்துக்காரன் படவிழாவுக்குப் போறது எப்படி, வந்து மலையேறுறது எப்படி

குறும்படம் முடிச்சதும் நம்ம கையில மிஞ்சறது கடன்தான், அந்த நேரத்துல ஃபிலிம்ஃப்ரீவே-யத் (விழாக்களுக்குப் படம் அனுப்பற வெப்சைட்) திறந்து கண்ணுல படற விழாவுக்கெல்லாம் டாலர்ல ஃபீஸ் கட்டறத முதல்ல நிறுத்துங்க. கட்டிக் கட்டி ஓஞ்சவன் சொல்றேன். இப்ப என் கணக்கு ஒண்ணே ஒண்ணு, சேலம் ஜங்ஷன்ல ஏறுனா ஒரே ரயில்ல போய் இறங்கற ஊருக்கு முதல்ல அனுப்பு. சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் மூணும் அப்படித்தான். செலக்ட் ஆகலைன்னாலும் டெலிகேட் பாஸ் (பார்வையாளர் பாஸ்) எடுத்துட்டுப் போய் நாலு படம் பாக்கலாம், நாலு பேரப் பழகிக்கலாம். அதுவரைக்கும் படத்த யூட்யூப்ல ஏத்திடாதீங்க, பிரீமியர், அதாவது முதல் காட்சி தங்ககிட்டதான் நடக்கணும்னு கேக்கற விழா இருக்கு, அங்க கதவு சாத்திரும்.

திருவனந்தபுரம் விழா டிசம்பர்ல. அது சபரிமலை சீசனும்கூட, கேரளா பக்கம் போற வண்டி எல்லாம் சாமிங்க கூட்டம். 60 நாளுக்கு முன்னாடியே ரிசர்வேஷன் திறந்துரும், அன்னிக்கே போட்டாத்தான் பெர்த். திருவனந்தபுரம் மெயில் நம்மூருக்கு நடுராத்திரி வாக்குல வரும், 12 மணி தாண்டுனா தேதி மாறிரும்ங்கறத மறந்துட்டு முந்தின நாள் டிக்கெட் போட்டுட்டு நின்னவங்கள எனக்குத் தெரியும் (நானும் அதுல ஒருத்தன்). ரூமை தம்பானூர் பக்கமே போடுங்க, விழாப் படம் ஓடற கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர் எல்லாம் ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம், ஆட்டோ காசு மிச்சம். க்யூவுல பேச்சுக் கொடுக்க ஒரு விஷயம் வெச்சுக்கங்க, மலையாளத்தோட முதல் பேசும் படம் ‘பாலன்’, 1938ல எடுத்தது நம்ம சேலத்து ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸ்! ஏற்காடு ரோட்டுல வெறும் ஆர்ச்சா நிக்குதே, அதே கம்பெனிதான். இதைச் சொல்லி எனக்கு ரெண்டு டீ கிடைச்சிருக்கு.

டிசிபி, அதாவது தியேட்டர் ப்ரொஜெக்டர்ல ஓட்டறதுக்குக் குடுக்கற டிஜிட்டல் காப்பி, அந்த விஷயத்துல மட்டும் சோம்பேறித்தனம் ஆகாது. என் படம் 20 நிமிஷம், செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல எடிட் பண்ணது, டிசிபிக்கு 24ஆ மாத்தினப்ப படம் 50 செகண்ட் நீண்டுருச்சு, சப்டைட்டில் ஃபைல் மட்டும் பழையபடியே இருந்துச்சு. ஆரம்பத்துல ஒண்ணும் தெரியல, போகப் போக எழுத்து முந்திக்கிட்டே ஓடி, கடைசி சீன்ல பாட்டி வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே ஜனம் சிரிச்சுது. பின்வரிசையில கூனிக் குறுகி உக்காந்திருந்தேன். அதனால எடுக்கும்போதே 24ல எடுங்க, டிசிபி கைக்கு வந்ததும் கடைசி 5 நிமிஷத்த ஓட்டிப் பாருங்க, எல்லாரும் முதல் நிமிஷத்தைத்தான் பாக்கறாங்க.

விழா முடிஞ்சு வந்தா ஒரு வாரம் மண்டை கனக்கும். நேரா வீட்டுக்குப் போய் லேப்டாப்பத் திறக்காதீங்க, ஒரு தட்டுவடை செட்ட சாப்பிட்டுட்டு ஏற்காடு பஸ்ஸ புடிங்க. சனி ஞாயிறு வேண்டாம், மே மாசம் மலர்க் கண்காட்சி சமயத்துல வேண்டவே வேண்டாம், ஏரிப் பக்கம் நடக்கவே இடம் இருக்காது. செவ்வாய் புதன் போங்க. ஏரிய விட்டுத் தள்ளி காபித் தோட்டத்து ஓரமா ரூம் பாருங்க, அடுத்த கதை அங்கதான் வரும், வரலைன்னா தூக்கமாவது வரும். கேமரா எடுத்துட்டுப் போனா பைக்குள்ள ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க, அந்தப் பனியில லென்ஸ் பூஞ்சை புடிச்சிரும். காட்டுக்குள்ள ஷூட் பண்றதா இருந்தா வனத்துறை அனுமதி இல்லாம ட்ரைபாட விரிக்காதீங்க.

கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கங்க. நான் ஒருதரம் விட்டுட்டு, மிளகு ஏத்தின வேன்ல மூட்டை மேலயே உக்காந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குனேன், அஸ்தம்பட்டி வர்ற வரைக்கும் தும்மல் நிக்கல.