மாகாண சபையில் பிரேரணை கொண்டுவரும் முறை

இலங்கையின் கிழக்கு மாகாண சபை கூடுமிடம் திருகோணமலை. முந்தைய சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதனால் இனிச் சபைக்குப் போகிறவர்களில் பலர் புதியவர்களாகவே இருப்பார்கள்.

பிரேரணையை, அதாவது சபையின் முடிவைக் கேட்டு உறுப்பினர் கொண்டுவரும் முன்மொழிவை, எழுத முன்னம், விடயம் மாகாணத்தின் கையில் உள்ளதா என்று பாருங்கள். அதிகம் சறுக்குவது இதில்தான். ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் பொறுப்பு. சி, டி வீதிகளே மாகாணத்துக்குரியவை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் தேசிய பாடசாலைகளும் மத்தியினுடையவை. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் உள்ள மாகாணப் பாடசாலைக்கு ஆசிரியர் கேட்டால் மாகாண அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேண்டும். "கல்வியை மேம்படுத்துக" என்று பொதுவாக எழுதாதீர்கள். பாடசாலை, பாடம், வெற்றிடம் மூன்றையும் எழுதுங்கள். அப்போதுதான் பதிலில் நழுவ முடியாது.

பிரேரணை அறிவித்தலை எழுத்தில், உரிய நாளுக்குள், பேரவைச் செயலகத்தில் கொடுங்கள். பிரேரணையை ஆதரித்து வழிமொழிபவர் அன்று ஆசனத்தில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். அவர் தேநீருக்கு வெளியே போயிருந்து, வேறு யாரும் வழிமொழியாவிட்டால் பிரேரணை அந்த இடத்திலேயே விழும்.

பேசும்போது எழுந்து நின்று "கௌரவ தவிசாளர் அவர்களே" என்று தொடங்குங்கள். எதிர்வரிசையை நேரே பார்த்து "நீர்" என்று பேசக்கூடாது. "கௌரவ உறுப்பினர்" என்றே சொல்லவேண்டும். தவிசாளர் எழுந்தால் உடனே அமருங்கள். சபை விதி மீறப்படுகிறது என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினால், எந்த நிலையியற் கட்டளை (சபை நடத்தும் விதி) என்று இலக்கத்தோடு சொல்லுங்கள். நீதிமன்றத்தில் வழக்கிலுள்ள விடயத்தைத் தொடாதீர்கள்.

நிறைவேறிய பிரேரணை ஒரு வேண்டுகோள்தான், சட்டமாகாது. சட்டம் வேண்டுமானால் நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) நிறைவேற்றி ஆளுநரின் சம்மதம் பெறவேண்டும்.