தொலைதூரத் தீவில் பழைய பாய்மரப் படகு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு பொலினீசியாவில், தாஹிட்டிக்கு வடமேற்கே சுமார் 120 கடல் மைல் தொலைவில் ராயாத்தியா என்னும் தீவு இருக்கிறது. நெடுங்கடல் பயணத்துக்கு ஏற்ற பழைய பாய்மரப் படகுகள் அங்கே ஆண்டு முழுவதும் விலைக்கு வருகின்றன. வாடகைப் படகு நிறுவனங்கள் அங்கே தளம் வைத்திருக்கின்றன. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் காற்றின் போக்கிலேயே வந்து சேர்ந்தவர்களில் சிலரும், பணமோ உடல்நலமோ இல்லறமோ தளர்ந்து, பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். வாங்க வருவோருக்காகப் படகுகளைப் பார்த்துச் சொல்வது என் தொழில் என்பதால், நான் தொடங்கிய காலத்தில் எங்களிடையே சாதாரணமாக இருந்த அதே பிழைகளைப் புதியவர்கள் குறையாத உற்சாகத்துடன் செய்வதை ஒவ்வொரு பருவத்திலும் காண்கிறேன். பார்க்காத படகுக்கு முன்பணம் அனுப்புவது, கடலில் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்திடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றுக்கு அறிவுரை தேவைப்படுபவர் படகு வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

படகைப் பார்த்துவிட்டு, அது கிடக்கும் இடத்தைப் பார்க்காமல் விடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்த ஒரு தவறுதான். கலிபோர்னியாவில் மென்பொருள் துறையில் இருக்கும் ஒருவர், 38 அடிப் படகு ஒன்று அங்கே கேட்கும் விலையில் ஏறத்தாழ பாதிக்கு ராயாத்தியாவில் கிடைக்கிறது என்று கண்டு, அக்டோபர் மாதத்தில் விமானம் ஏறி வந்தார். படகு நல்ல படகு. நான் சொன்ன சிறு குறைகளையும் காட்டி விலையை இன்னும் குறைத்தார். பணம் கைமாறிய பிறகு, மாலையில், வீட்டுக்கு எந்த வழியாகப் போகலாம் என்று என்னிடம் கேட்டார். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

தாஹிட்டியின் துறைமுகமான பபீட்டேயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 3,650 கடல் மைல். பாய்மரப் படகு அந்தக் கோட்டில் செல்லாது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே தென்கிழக்கு வியாபாரக் காற்றும் வடக்கே வடகிழக்கு வியாபாரக் காற்றும் வீசுவதால், கிழக்கு நோக்கிய ஒவ்வொரு மைலையும் காற்றுடன் போராடித்தான் பெற வேண்டும். பயணப் படகு ஒன்று, கடல் அலைகளுக்கு நடுவே, காற்று வரும் திசையை 55 பாகையைவிட நெருங்கிச் செல்வது அரிது. மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் நாளெல்லாம் ஓடினால் நீரில் 120 மைல் கடந்திருப்பீர்கள். காற்றுக்கு எதிரே முன்னேறியது 70 மைலுக்கும் குறைவாகவே இருக்கும். மேற்கு நோக்கி ஓடும் நிலநடுக்கோட்டு நீரோட்டம் அதிலிருந்தும் பத்துப் பதினைந்து மைலைக் கழித்துக்கொள்ளும். ஆகவே நடைமுறையில் முதலில் ஹவாய்க்குச் செல்ல வேண்டும். அதுவே 2,300 மைலுக்கு மேல். பிறகு அங்கிருந்து வடக்கே ஏறி, வட பசிபிக்கின் உயர் அழுத்த மண்டலத்தைச் சுற்றிக்கொண்டு, மேலைக்காற்றைப் பிடித்துக் கரை சேர வேண்டும். மொத்தத்தில் 5,000 மைல் என்று வைத்துக்கொள்ளலாம். ஹவாயிலிருந்து கலிபோர்னியாவுக்குப் புறப்பட ஏற்றது கோடைக்காலம். அக்டோபரில் வாங்கியவர் குளிர்காலப் புயல்களை நோக்கிச் செல்ல முடியாது.

ராயாத்தியாவிலேயே தங்கிவிடலாமே என்றார். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். எல்லா ஆண்டும் புயல் அவ்வளவு கிழக்கே வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் எல் நினோ ஆண்டுகளில் நிலைமை மாறும். 1982 டிசம்பருக்கும் 1983 ஏப்ரலுக்கும் இடையே ஒன்றன்பின் ஒன்றாகப் பல புயல்கள் பொலினீசியாவைத் தாக்கின. 2010 பிப்ரவரியில் ஓலி புயலும் வந்து சேதம் விளைவித்தது. காப்பீட்டு நிறுவனங்கள் இதையெல்லாம் கணக்கில் வைத்திருப்பதால், அந்த மாதங்களில் புயல் சேதத்தை விலக்கிவிடுவதோ, படகைக் கரையேற்றித் தரையோடு கட்டி வைக்கச் சொல்வதோ வழக்கம். கரையேற்றக் கூலி, தளத்து வாடகை, ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம், மீண்டும் வந்துபோக விமானக் கட்டணம் எனச் செலவு வளர்ந்தது. வசந்த காலத்தில் கூலிக்கு மாலுமிகளை அமர்த்தி ஹவாய் வரை அனுப்பினார். அவர் விலையில் மிச்சப்படுத்திய தொகை ஹவாயின் ஹோனலூலுவைத் தாண்டவில்லை.

விற்பவர் அக்டோபரில் விலையைக் குறைப்பதற்குக் காரணம், புயல் பருவம் தொடங்கும் முன் அவரும் வெளியேற விரும்புவதுதான். நீங்கள் பெறும் தள்ளுபடி, அவருடைய ஆறு மாதத் தொல்லையை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்வதற்கான கூலி. இதையே நியூசிலாந்துக்காரர் ஒருவர் மே மாதத்தில் வாங்கினால் கணக்கு முற்றிலும் வேறாக இருக்கும்: டோங்கா, ஃபிஜி என்று காற்றை முதுகில் வாங்கியபடி மெதுவாக மேற்கே சென்று, நவம்பரில் சொந்த ஊர் சேர்ந்துவிடலாம். அங்கே 15 சதவீதச் சரக்கு சேவை வரி காத்திருக்கும் என்பதையும், அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தால் உயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகள் ஏற்க மாட்டார்கள் என்பதையும் மட்டும் அவர் மறக்கக் கூடாது. கலிபோர்னியாவில் இருப்பவர் மெக்சிகோவில் தேடியிருக்கலாம். பாஹா கரையோரம் வடக்கே ஏறுவதும் எதிர்காற்றுப் பயணம்தான் என்றாலும் இடையிடையே ஒதுங்க இடங்கள் உண்டு; சான் கார்லோஸிலிருந்து லாரியில் ஏற்றி எல்லை கடந்தவர்களும் இருக்கிறார்கள்.

எனவே விளம்பரத்தைப் பார்த்தவுடன் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த மாதத்தில் எந்தத் துறையில் இருக்க விரும்புகிறீர்கள் என்று எழுதி, அங்கிருந்து பின்னோக்கி மாதங்களை எண்ணுங்கள். வெளிநாட்டுப் படகு வரியின்றிப் பிரெஞ்சு பொலினீசியாவில் தங்குவதற்குக் கால வரம்பு உண்டு. அதில் பழைய உரிமையாளர் எவ்வளவு தீர்த்துவிட்டார் என்பதைச் சுங்கத் தாளில் பார்த்து, விற்பனைக்குப் பின் என்ன ஆகும் என்பதைச் சுங்க அலுவலகத்திலேயே கேளுங்கள். உங்கள் விசாவின் நாட்களையும் அதோடு சேர்த்து எண்ணுங்கள். பிரான்ஸின் ஆட்சிப் பகுதி என்றாலும் அது ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்குள் இல்லை.

கொடியைப் படகோடு சேர்த்து வாங்கியதாக நினைப்பது

படகு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் கொடியே அதற்கு உரியது. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ஆவணப் பதிவில் இருக்கும் படகை, அமெரிக்கக் குடிமகன் அல்லாத ஒருவர் அதே பதிவில் வைத்துக்கொள்ள முடியாது. விற்றவர் பழைய பதிவை நீக்கி அதற்கான சான்றிதழைத் தந்தால்தான் உங்கள் நாட்டில் புதிய பதிவு நடக்கும். உரிமை வரலாற்று ஆவணத்தையும் கேட்டு வாங்கி, அடமானம் எதுவும் நிலுவையில் இல்லை என்று உறுதிசெய்த பிறகே முழுத் தொகையைக் கொடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர், தீவில் இருந்த வேகத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதில்லை.

தாங்கு கம்பிகளின் வயதைக் கேட்காதது

பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள் பளபளப்பாக இருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. துருப்பிடிக்காத எஃகு, காற்றுப் புகாத ஈரமான இடுக்கில்தான் அரிக்கப்படும். அதனால் கம்பிகளைப் படகோடு பிணைக்க மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் பட்டைகளில், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு அங்குலத்தில்தான் விரிசல் தொடங்கும். பல காப்பீட்டு நிறுவனங்கள் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளைத் தாண்டிய கம்பிகளை மாற்றச் சொல்கின்றன. கம்பியை எங்கிருந்தோ வரவழைத்து, பொருத்த ஆள் தேடி மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஊரில் ஆவதைப்போல் இருக்காது.

விற்பவர் காட்டும் சர்வேயரை (படகைச் சோதித்து நிலை சொல்பவரை) ஏற்பது

வேண்டாம். சிறிய தீவில் எல்லோரும் எல்லோருக்கும் வேண்டியவர்கள். வெளியிலிருந்து ஆளை வரவழையுங்கள்.

உபகரணப் பட்டியலை நம்பி விலை பேசுவது

இயக்கிக் காட்டாத எதற்கும் விலை இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் பல மாதங்கள் ஓடாமல் கிடந்திருந்தால், அதன் சவ்வுக்குப் புதிய விலையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஈபிர்ப் கருவி

ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கோரும் கருவி இது. இதை உங்கள் பெயருக்கு மறுபதிவு செய்யாமல் துறையை விட்டுப் புறப்படாதீர்கள். ஆபத்தில் அதை அழுத்தினால் மீட்புப் படையினர் முதலில் பழைய உரிமையாளரைத்தான் தொலைபேசியில் அழைப்பார்கள்.