கொரோலா 121: பெற்றோல் குடிச்சதுக்குக் காரணம், தெர்மொஸ்டாட் இல்லாததுதான்

லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடின ஓட்டோ கியர் கார் 7க்கு இறங்கிட்டுது. பிளக், எயார் ஃபில்டர் மாத்தி, த்ரொட்டில் பொடி கழுவி, டயருக்குக் காத்தும் பார்த்தாச்சு. மாற்றமே இல்லை. ஒக்சிஜன் சென்சரை மாத்தச் சொன்னார்கள். ஸ்கேனரில் அதின்ரை வோல்ற்றேஜ் ஒழுங்காக ஏறி இறங்கினபடியால் விட்டுட்டன்.

துப்புக் கிடைச்சது அதிவேக வீதியில். காலி வீதி நெரிசலில் நடுவில் நிக்கிற வெப்ப ஊசி, அங்கே வேகம் பிடிச்சதும் கீழே இறங்குது. ஸ்கேனரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிராக்கிற தண்ணி) 60 பாகைக்குக் கிட்டத்தான். அந்தச் சூட்டில் கொம்பியூட்டர் எஞ்சின் இன்னும் குளிர் என்று நினைச்சுப் பெற்றோலைக் கூட்டும். கியர்பொக்ஸ் லொக்-அப்பும் (எஞ்சினையும் கியர்பொக்ஸையும் நழுவாமல் இணைக்கிற பூட்டு) பிடிக்காது. ஒரே வேகத்துக்கு ஆர்பிஎம் கூட நிக்கும். இதைத்தான் பலர் கவனிக்கிறதில்லை.

எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேற்றருக்கு விடாமல் மறிக்கிற வால்வுதான் தெர்மொஸ்டாட். எஞ்சின் நல்லா ஆறினபிறகு அதின்ரை ஹவுசிங்கைக் கழட்டினால் உள்ளே வெறும் ஓட்டை. ஹீட் ஆகாமல் இருக்க யாரோ தெர்மொஸ்டாட்டையே எடுத்துவிட்டிருக்கினம். எங்கட வெக்கைக்கு அது தேவையில்லை என்கிறது பிழையான கதை.

கொழும்பில் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் 82 பாகையில் திறக்கிற தெர்மொஸ்டாட் வாங்கி, பூட்ட முதல் வெந்நீரில் போட்டுத் திறக்குதா என்று பார்த்தன். ஆடுகிற சின்ன ஊசி வால்வு மேல்பக்கம் வரவேணும், இல்லாட்டிக் காத்து அடைக்கும். புது ரப்பர் வளையம், கூலன்ட், பிறகு மூடியைத் திறந்து வைச்சுக் காத்தெடுப்பு. இப்ப ஓட்டத்திலும் 85 பாகை. பழைய 11 திரும்பிட்டுது, பெரிய நிம்மதி.

பூட்ட முதல் ரேடியேற்றர் அடைப்பையும் ஃபேனையும் பாருங்கோ. அதுகளில் கோளாறு இருந்துதான் முந்தித் தெர்மொஸ்டாட்டைக் கழட்டியிருப்பினம்.